குறுந்தெருவில் தீ

தீயணைப்பு வண்டியின் மணியோசை கேட்டதும் ‘வந்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை’ என்று பெருமூச்சு விடுவது மனித இயல்பு. அகன்ற வீதியில் தனித்து நிற்கும் வீட்டுக்கு அந்தப் பெருமூச்சு பொருந்தும். சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுத் திண்ணையில் விழும் நம் மஹல்லாக்களுக்கு அது பொருந்துவதில்லை. வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் செல்ல வழியிராது. தீயோ இருபதாவது வீட்டில் எரிந்துகொண்டிருக்கும். அந்த இருபது வீட்டுத் தூரத்தைத் தீயணைப்பு வீரர்கள் எவ்வாறு கடக்கிறார்கள், கடந்த பின் என்ன செய்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது நன்று. ஏனெனில் அவர்களுடைய வேலையில் ஏறக்குறையப் பாதி, அவர்கள் வந்து சேருமுன்பே நம்மால் எளிதாக்கப்பட்டிருக்கும், அல்லது கெடுக்கப்பட்டிருக்கும்.

இந்தத் துன்பத்தை மிக நீண்ட காலம் அனுபவித்த நகரங்களுள் ஒன்று இஸ்தான்புல். உதுமானியப் பேரரசின் அத்தலைநகரில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லால் எழுந்தன. மக்கள் குடியிருந்த வீடுகளோ பெரும்பாலும் மரத்தாலானவை. மேல்மாடி தெருவை நோக்கி நீண்டு, எதிர்வீட்டு மாடியைத் தொட்டுவிடுவதுபோல் நிற்கும். கோடைக்காற்று வீசும் நாளில் ஓர் அடுப்புப்பொறி போதும். ஒரு மஹல்லாவே சாம்பலாகிவிடும். 1660ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீடுதோறும் கூரையை எட்டும் ஏணி ஒன்றும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்றும் இருக்க வேண்டும் என்று சுல்தானின் ஆணை பிறந்திருந்தது. அக்காலத்தில் தீயை அணைப்பது என்பதற்குப் பொருள், தீ செல்லும் திசையில் உள்ள வீடுகளைக் கோடரியாலும் கொக்கியாலும் இடித்துத் தள்ளி, அது தாண்ட முடியாத வெற்றிடம் ஒன்றை உண்டாக்குவதுதான். நான்கு வீடுகளைக் காக்க, இன்னும் எரியாத இரண்டு வீடுகளைப் பலியிடுவார்கள்.

இஸ்லாத்தைத் தழுவி தாவூத் என்று பெயர் பெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர், 1700களின் தொடக்கத்தில் கையால் இயக்கும் தீயணைப்பு எந்திரம் ஒன்றை அங்கே செய்து காட்டினார். அதன் பயனைக் கண்ட ஆட்சியாளர்கள் 1720இல் தனிப் படையொன்றை அமைத்தனர். அந்த எந்திரத்துக்கு ‘துலும்பா’ என்று பெயர். அதைக் கொண்டு செல்வோர் ‘துலும்பாஜி’கள். மூன்றாம் அஹ்மது சுல்தானின் காலம் அது. இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்த எந்திரத்துக்குச் சக்கரம் பயன்படவில்லை. ஏற்ற இறக்கமும் நெருக்கமும் மிகுந்த அத்தெருக்களில் சக்கரம் ஓடாது. ஆகவே பல்லக்கைப்போல் அதைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்கள். சுமப்போர் களைத்தால் உடன் ஓடி வருவோர் தோள் மாற்றிக்கொள்வார்கள். கலாட்டா கோபுரத்திலும், 1828இல் கல்லால் எழுப்பப்பட்ட பாயஸீத் கோபுரத்திலும் காவலர்கள் இரவு பகலாக நின்று புகை எழுகிறதா என்று பார்த்திருப்பார்கள். புகை கண்டதும் ஓட்டக்காரர்கள் தெருத்தெருவாகச் சென்று தீ பற்றிய இடத்தைக் கூவி அறிவிப்பார்கள்.

பிற்காலத்தில் மஹல்லாதோறும் துலும்பாஜிக் குழுக்கள் தோன்றின. எந்தக் குழு முதலில் போய்ச் சேருவது என்பதில் அவர்களுக்குள் போட்டியும் கைகலப்பும் நிகழ்ந்ததுண்டு. வீடு எரிகிறது, இங்கே முந்தியவர் யார் என்று சண்டை! மனிதனுடைய பெருமைப் பித்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1874இல் ஹங்கேரி நாட்டுப் பிரபு செச்செனி என்பவர் அழைக்கப்பட்டு, முறையான பயிற்சி பெற்ற படையை உருவாக்கினார். பாஷா பட்டமும் பெற்றார். எனினும் மரவீடுகளும் குறுந்தெருக்களும் மாறாதவரை படையால் மட்டும் என்ன செய்ய இயலும்? 1918இல் ஃபாத்திஹ் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்காக லாலெலியில் கட்டடக் கலைஞர் கமாலுத்தீன் எழுப்பிய அடுக்குமாடி இல்லங்கள், கம்பி வைத்த கான்கிரீட்டால் அந்நகரில் எழுந்த முதல் குடியிருப்புகளுள் அடங்கும்.

தோளில் சுமந்த அந்தத் துலும்பாவின் தத்துவம் இன்றும் மாறவில்லை. வண்டி நுழையாத இடத்துக்குத் தண்ணீரை மனிதன்தான் எடுத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டில் பரவலாகக் காணும் தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். கேட்பதற்குப் பெரிய அளவு. ஆனால் ஒரு பீச்சுமுனை நிமிடத்துக்கு 400, 450 லிட்டர் நீரை உமிழ்ந்துவிடும். இரண்டு முனைகள் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தொட்டி காலி. ஆதலால் வண்டியிலிருந்து இறங்கியதும் அதிகாரியின் மனத்தில் எழும் முதற்கேள்விகளுள் ஒன்று, அடுத்த தண்ணீர் எங்கே என்பதாகும்.

இனி அந்த இருபது வீட்டுத் தூரத்துக்கு வருவோம். அதை நூறு மீட்டர் என்று கொள்வோம். தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் 15 மீட்டர் அல்லது 30 மீட்டர் நீளமுள்ள துண்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பதினைந்து மீட்டர்த் துண்டானால் ஏழு வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே ஓட வேண்டும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு துண்டு நிரம்பினால் அதிலுள்ள நீரின் எடை மட்டும் 47 கிலோ. முழு வரிசையிலும் 300 கிலோவுக்கு மேல். நிரம்பிய குழாயைச் சந்தின் மூலைகளில் வளைத்து இழுப்பது மலைப்பாம்போடு மல்லுக்கட்டுவதற்கு ஒப்பாகும். எனவே குழாயை வெறுமையாகவே கொண்டுபோய்ச் சேர்த்து, இடமும் வளைவும் சரிபார்த்த பிறகே, தண்ணீர் விடும்படி பின்னால் இருப்பவருக்குக் குரல் கொடுப்பார்கள். மூலையில் குழாய் மடிந்துபோனால் நுனியில் வேகம் குன்றிவிடும். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலும் அப்படியே. வேடிக்கை பார்க்க வந்தவரின் வண்டி எரியும் வீட்டுக்குள் இருப்பவரின் தண்ணீரைத் தடுக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

குழாய் ஓடும் வேளையிலேயே அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட முயல்வார். நெருங்கிய தெருவில் சுற்றி வர இடமிராது. பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பார்ப்பார். உள்ளே யாரேனும் இருக்கிறார்களா, இருந்தால் எந்த அறையில், சிலிண்டர்கள் எத்தனை, கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார். இக்கேள்விகளுக்கு ஒருவர் தெளிவாக விடை சொல்ல வேண்டும். நம்மவர்கள் பத்துப்பேர் ஒருசேரக் கத்துவார்கள்; ஒருவர் ‘எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்’ என்பார், இன்னொருவர் ‘வாப்பும்மா உள்ளே இருக்கிறார்கள்’ என்பார். வீட்டாருள் ஒருவர் முன்னே வந்து, தலைகளை எண்ணி, மாடிப்படி எந்தப் பக்கம் என்று காட்டினால் அதுவே பெருந்துணை. தெருவின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளின் மேல் தண்ணீர் பாய்ச்சுவது ஆபத்து. ஆகையால் மின்வாரியத்தைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்துவதும் அந்தத் தொடக்க நிமிடங்களிலேயே நடக்க வேண்டிய காரியம்.

அடுத்து நிகழ்வதுதான் மக்களுக்குப் புரிவதில்லை. உள்ளே உயிர் ஏதும் சிக்கியிராத நிலையில், தீ முற்றிவிட்ட வீடாக இருந்தால், முதல் தண்ணீர் அந்த வீட்டின் மேல் விழாமற் போகலாம். எதிர்வீட்டுச் சுவரின் மேலும் பக்கத்துக் கூரையின் மேலும் பீய்ச்சுவார்கள். ‘எரிகிற வீட்டை விட்டுவிட்டு எரியாத வீட்டை நனைக்கிறார்களே’ என்று கூட்டம் ஆத்திரப்படும். காரணம் உண்டு. தீ பரவுவதற்குச் சுவாலை தொட வேண்டியதில்லை. மூன்று, நான்கு மீட்டர் இடைவெளியில் வெப்பம் கதிராகப் பாய்ந்து எதிர்வீட்டு மரச்சன்னலையும் திரைச்சீலையையும் பற்றவைத்துவிடும். கனன்ற பொறிகள் காற்றில் பறந்து பல வீடு தாண்டி விழும். ஒரு வீடு போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த ஐந்தைக் காப்பதே அறிவுடைமை. கொக்கியால் வீட்டை இடித்த இஸ்தான்புல்காரர்கள் செய்ததும் இதுவே. இன்று இடிப்பதற்குப் பதில் நனைக்கிறார்கள். மாடிகளில் வேய்ந்த கீற்றுப் பந்தல்கள் இருந்தால் அவற்றைப் பிரித்தெறியவும் செய்வார்கள். ஒரே முகட்டின் கீழ் பல வீடுகள் தொடரும் பழைய ஓட்டுக்கட்டடங்களில், தீ கூரை மரங்களின் வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். அங்கே தீக்கு இரண்டு வீடு முன்னதாகவே ஓட்டைப் பிரித்து, சட்டங்களை அறுத்து வழிமறிப்பார்கள். அந்த வீட்டுக்காரர் அழுவார். அவர் கூரை போனதால்தான் அதற்கப்பாலுள்ளவர் வீடு நின்றது என்பதை அவரிடம் அந்த நேரத்தில் யார் சொல்வது?

உள்ளே ஆள் இருக்கிறார் என்றால் ஒழுங்கு மாறிவிடும். இருவர் இருவராகத்தான் நுழைவார்கள்; ஒருவர் தனியே போவதில்லை. முதுகில் அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய உருளை, முகத்தில் மூடி. கடும் உழைப்பில் அந்தக் காற்று அரைமணி நேரத்துக்கும் தாளாது. தீரும் தறுவாயில் சீழ்க்கை ஒலிக்கும். உடனே வெளியேறியாக வேண்டும். கதவைத் திறக்குமுன் புறங்கையால் அதன் வெப்பத்தைப் பார்ப்பார்கள். நெடுநேரம் அடைபட்டு, காற்றின்றிக் கனன்றுகொண்டிருக்கும் அறையைத் திடீரெனத் திறந்தால், நுழைந்த காற்றை வாங்கி அது வெடிப்பதுபோல் சீறும். எனவே ஓரமாகக் குனிந்து நின்று, சிறிதளவே திறந்து, மேலே தேங்கிய புகையின் மீது குறுகிய குறுகிய வீச்சாகத் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி வெப்பத்தைக் குடித்துவிடும். அளவு மீறித் தெளித்தாலோ, உள்ளே இருப்போரையும் தெளித்தவரையும் அதே ஆவி வேகவைத்துவிடும். தண்ணீர் ஊற்றுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இது விடையாகட்டும்.

புகை சூழ்ந்த அறையில் கண் தெரியாது. ஆதலால் ஒரு கை சுவரை விடாமல், தவழ்ந்து தேடுவார்கள். வெப்பப்புகை மேலே மிதக்கும். தரையை ஒட்டிய காற்றே ஓரளவு குளிர்ந்தும் தெளிந்தும் இருக்கும். கட்டிலின் அடியிலும் அலமாரியின் பின்னும் குளியலறையிலும் துழாவுவார்கள். குழந்தைகள் தீயைக் கண்டால் ஓடுவதற்குப் பதில் ஒளிந்துகொள்வது வழக்கம். நம் பிள்ளைகளுக்கு ‘தீ என்றால் ஒளியாதே, வெளியே ஓடு’ என்று எத்தனை தாய்மார்கள் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே மூடிய கதவைப்பற்றி ஒரு சொல். தீப்பட்ட வீட்டில் கதவு திறந்திருக்கும் அறைக்கும், வெறும் மரக்கதவு சாத்தியிருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு வியப்பூட்டுவது. முன்னதில் சில நிமிடங்களில் உயிர் தங்காது. பின்னதில் வெப்பமும் நச்சுப்புகையும் பன்மடங்கு குறைந்திருக்கும். மீட்பவர் வந்து சேரும்வரை மூச்சு நிலைக்க இடமுண்டு. தப்பி ஓடுபவர் தீப்பிடித்த அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினால், பின்னால் உள்ளவர்களுக்கு நேரம் வாங்கித் தந்தவராவார். அந்த நேரம் இன்று மிகவும் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் நடத்திய சோதனையொன்றில், பழைய பாணி மரச்சாமான்களும் பருத்தியும் கொண்ட அறை முழுவதும் தீப்பிழம்பாக மாற அரைமணி நேரம் ஆயிற்று. ஃபோம் மெத்தையும் செயற்கை இழைத் துணியும் நிறைந்த இன்றைய பாணி அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

சமையலறைச் சிலிண்டர் தனிக் கதை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சூடேறிய சிலிண்டரின் அடைப்பான் வழியே வாயு பீறிட்டு எரிந்துகொண்டிருந்தால், வாயுவை நிறுத்த வழியில்லாதபோது, வீரர்கள் அந்தச் சுடரை அணைக்கமாட்டார்கள். சுவர் மறைவில் நின்று உருளையின் உடம்பைத் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டே இருப்பார்கள். சுடரை அணைத்தால் எரியாத வாயு வீடெங்கும் பரவி, வேறொரு பொறியில் மொத்தமாக வெடிக்கும். எரிவதை எரியவிடுவதும் சில வேளை தீயணைப்புதான்.

இவ்வளவு திறமையும் நம் வீட்டு வாசலில் வந்து தோற்பதுண்டு. திருடனுக்கு அஞ்சி எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கம்பி. மாடிப்படியின் உச்சியில் பூட்டு. அதன் சாவி யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது. கம்பியை வெட்டக் கருவி உண்டு. ஆனால் ஒவ்வொரு கம்பியும் நிமிடங்களை விழுங்கும். இரவில் உள்ளே பூட்டுகின்ற வீட்டில் சாவி ஒரே ஆணியில், எல்லோரும் அறிந்த இடத்தில் தொங்கட்டும்.

இன்னொன்றைச் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். நம் பெண்மக்கள் தீ வேளையிலும் புர்காவைத் தேடி அறைக்குள் திரும்பக்கூடும். அந்நிய ஆடவர் கையால் தூக்கப்படுவதற்குக் கூசி ஒதுங்கவும் கூடும். நிர்ப்பந்த நிலை விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. மதரஸாவில் முதல் சில ஆண்டுகளிலேயே இதை நாங்கள் கற்பிக்கிறோம். உயிர் போகும் வேளையில் கிடைத்த துணியோடு வெளியேறுவதும், மீட்பவர் கையைப் பற்றிக்கொள்வதும் மார்க்கத்துக்கு மாறானவை ஆகமாட்டா. இதை உம்மாமார்கள் தம் பெண்மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லி வைக்க வேண்டும். தீ வந்தபிறகு விளக்கம் கேட்க நேரமிராது.

வீட்டுத்தீ நம் மார்க்க நூல்களுக்கும் புதிய பொருளன்று. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு எரிந்தது. அச்செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரைத் தீக்கிரையாக்கிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இன்று எலியின் இடத்தில் தலையணைக்கு அடியில் சூடேறும் கைப்பேசியும், கொசுவலைக்கு அருகில் புகையும் சுருளும், ஒரே துளையில் செருகிய நான்கு மின்கம்பிகளும் இருக்கின்றன.

தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கு நம் மஹல்லாக்களில் ஒரு நல்ல விடை இருந்தது. நாமே அதை மூடிக்கொண்டு வருகிறோம். பள்ளிவாசலின் ஹவுளைத்தான் சொல்கிறேன். பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஹவுளில் 60,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். பதின்மூன்று வண்டித் தண்ணீர். தீயணைப்பு எந்திரம் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்திலிருந்தும் நீரை உறிஞ்சி மேலேற்றவல்லது. கையால் தூக்கிச் செல்லும் சிறு எந்திரங்களும் உண்டு. இருவர் அல்லது நால்வர் சேர்ந்து சந்துக்குள் கொண்டுபோய் ஹவுளருகே வைத்துவிடுவார்கள். துலும்பாவின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். உயிரையும் வீட்டையும் காக்க வக்ஃபு நீரை எடுப்பதற்குத் தடை சொல்லும் ஆலிம் யாரும் இருக்கமாட்டார். ஆனால் பல ஊர்களில் இடம் போதவில்லை என்று ஹவுளை மூடிக் குழாய்கள் பதித்துவிட்டார்கள். மூடுமுன் யோசிக்கும் ஜமாஅத்தார்களுக்கு இந்தக் கணக்கும் பயன்படலாம். அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அதிகாரியை ஒருநாள் அழைத்து, எந்தத் தெருவில் வண்டி எதுவரை வரும், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும் என்று நடந்து காட்டினால் ஒரு பிற்பகல்தான் செலவாகும். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் நடமாடுவதற்கென்றே விடப்பட்ட முடுக்குகள் உண்டு. வீட்டின் பின்புறத்தை எட்ட, வெளியூரிலிருந்து வரும் வீரருக்கு அவற்றைவிட நல்ல வழி இராது. அது இருப்பதை அவருக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

தெரு குறுகலாக இருப்பதற்கு நம் முன்னோரைக் குறை சொல்ல முடியாது. வெயிலுக்கும் உறவுக்கும் ஏற்பவே அவர்கள் கட்டினார்கள். ஆனால் அந்த வீடுகளின் கீழ்த்தளத்தில் எதை வைப்பது என்பது நம் காலத்து முடிவு. அதன் விலையைப் பழைய டாக்கா செலுத்தியது.

வங்கதேசத் தலைநகரின் அப்பழைய பகுதி முகலாயர் காலத்திலிருந்து வணிகத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சவுக் பஜார் ரமலான் மாதத்து இஃப்தார் கடைகளுக்குப் புகழ்பெற்ற இடம். சந்துகளில் மேலே குடும்பங்கள். கீழே கடைகளும் கிடங்குகளும். வாடகை அதிகம் கிடைக்கிறது என்பதற்காக வீட்டுச் சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக், ரசாயனம், வாசனைத் திரவியம் ஆகியவற்றின் வணிகர்களுக்குக் கீழ்த்தளங்களை விட்டார்கள். 2010 ஜூன் 3ஆம் நாள் இரவு நிம்தொலி என்னும் இடத்தில் ஒரு வீட்டில் மண நிச்சய விழா நடந்துகொண்டிருந்தது. அருகே மூண்ட தீ ரசாயனக் கிடங்கைப் பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அழுதது. விசாரணைக் குழு அமர்ந்து, கிடங்குகளைக் குடியிருப்புகளிலிருந்து அகற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அகற்றவில்லை.

2019 பிப்ரவரி 20, இரவு பத்தரை மணியளவில், நிம்தொலியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சூரிஹட்டா நாற்சந்தியில் மீண்டும் தீ. ஷாஹி மஸ்ஜித் நிற்கும் இடம் அது. முதலில் வாகனச் சிலிண்டர் வெடித்ததே காரணம் என்றார்கள். பின்னர் நடந்த விசாரணைகள் வாஹித் மேன்ஷன் என்னும் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்த வாசனைத் திரவியக் கிடங்கைச் சுட்டின. தெருவில் ரிக்‌ஷாக்களும் கார்களும் நெரிசலில் சிக்கி நகர முடியாமல் நின்றன. அவற்றில் இருந்தோரும் நடந்துசென்றோரும் ஓட வழியில்லாமல் எரிந்தனர். தீயணைப்புத் துறையின் 37 பிரிவுகள் வந்தன. பெரிய வண்டிகள் தொலைவில் நிற்க, சந்துகளினூடே குழாயை நீட்டியே போராட வேண்டியிருந்தது. அழுத்தம் நிறைந்த வாசனைத் திரவியப் புட்டிகள் ஆயிரக்கணக்கில் வெடித்துச் சிதறிப் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீயை எடுத்துச் சென்றன. எழுபதைத் தொட்டது இறந்தோர் எண்ணிக்கை. பல உடல்களை மரபணுச் சோதனை மூலமே அடையாளம் காண முடிந்தது.

எவ்வளவு அருகில் படை இருந்தாலும் நெரிசல் அதை முடமாக்கும் என்பதை அதே நகரம் 2023 ஏப்ரல் 4ஆம் நாள், ரமலான் காலையில், மறுபடி கண்டது. அன்று எரிந்தது வீடுகளல்ல, பெருநாள் வியாபாரத்துக்குத் துணிமணி குவித்திருந்த வங்க பஜார் கடைகள். தீயணைப்புத் துறையின் தலைமையகமே சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது! ஆயினும் ஆயிரக்கணக்கான கடைகள் சாம்பலாயின. வேடிக்கை பார்த்த கூட்டம், தண்ணீர்ப் பற்றாக்குறை, காற்று என்று மூன்று தடைகளை அத்துறைத் தலைவர் கூறினார். பல்கலைக்கழக விடுதிக் குளமொன்றிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். அந்தக் குளமும் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்?

இதைப் படிக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தவர் இரவில் இறக்கி வைக்கும் பீப்பாய்களில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா? பெயிண்டா, தின்னரா, பட்டாசு மருந்தா, காலணிக்கு ஒட்டும் பசையா? ‘நமக்கெதற்கு, மாதம் பிறந்தால் வாடகை வருகிறது’ என்பது உங்கள் குடும்பத்தை மட்டும் பணயம் வைக்கும் வார்த்தையன்று. உங்கள் சுவரைத் தன் சுவராகக் கொண்ட அண்டை வீட்டாரையும் சேர்த்தே பணயம் வைக்கிறது. தண்ணீர் ஊற்றினால் அடங்கும் தீ என்று எண்ணி உள்ளே வரும் வீரனையும் அது விட்டுவைப்பதில்லை. சில பொருள்கள் தண்ணீர் பட்டால் அடங்கா. எண்ணெய்ப் பொருள்கள் நீரின்மேல் மிதந்தபடியே எரிந்து அடுத்த வாசலுக்குச் செல்லும். அவற்றுக்கு நுரை வேண்டும். எதை எடுத்து வருவது என்று வீரர்கள் முடிவு செய்வதற்கு, கீழே இருப்பது என்ன என்பதை யாரேனும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சூரிஹட்டாவில் சுவாலை அடங்கிய பிறகும் வேலை முடியவில்லை. எரிந்த குவியல்களைக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். அடியில் கனலும் துண்டு ஒன்று பல மணி நேரம் கழித்தும் மூண்டுவிடும். அவ்வாறு தேடியபோது வாஹித் மேன்ஷனின் நிலவறையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ரசாயனப் பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருந்தன. தீ அங்கே இறங்கியிருக்கவில்லை. அவற்றுக்கு மேலே எரிந்த தீயோடுதான் அவர்கள் இரவெல்லாம் போராடியிருக்கிறார்கள்.